வெம்பாக்கம் லைன்

ஜெயவேல் மாமா எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த ஊரில் சரிவு எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போன இடத்திலும் பார்ப்பார். பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு, "இங்க வுட்டா தானா உருளும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் ஓட்டிய ஆறாம் நம்பர் பஸ் கொடுத்த பழக்கம் அது. அந்த வண்டியில் செல்ஃப் ஒழுங்காக எடுக்காது. இன்ஜினை ஒரு தரம் அணைத்துவிட்டால் ஆட்கள் இறங்கித் தள்ளினால்தான் மறுபடி கிளம்பும். பேட்டரியை மாற்றினாலும் கொஞ்ச நாளில் பழைய குணம் திரும்பிவிடும். அதனால் மாமா வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்க மாட்டார். வெம்பாக்கத்தில் மட்டும், ஏரிக்கரைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு அணைப்பார். கிளம்பும் நேரத்தில் கல்லை எடுத்தால் போதும். வண்டி தானே உருண்டு உயிர் பிடித்துக்கொள்ளும்.

கமண்டலா மோட்டார் சர்வீஸில் அப்போது ஏழெட்டு பஸ்கள் ஓடின. ஆரணியிலிருந்து செய்யார் வழியாக வெம்பாக்கம் போகும் லைன் மாமாவுடையது. போளூர் லைன் என் அப்பா மணவாளனுடையது. லைன் என்று அவர்கள் சொன்னது ஒரு டிரைவருக்குக் கம்பெனியில் இருந்த உரிமையை. லைன் இருந்தால் மாதச் சம்பளம், பேட்டா, வருஷத்துக்கு ஒரு வேட்டி துண்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார ஒரு இடம். லைன் இல்லாதவர் ஆக்டிங். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் ஓட்டலாம்.

அப்பாவும் மாமாவும் கூலி வேலைக்குப் போன குடும்பங்களில் பிறந்தவர்கள். சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே அரிசி ஆலை லாரியில் கிளீனராக இருந்து, மூட்டை தூக்கி, அந்த லாரியிலேயே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கமண்டலாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் ஒரே நாளில் போய் நின்றார்கள். இருந்தது ஒரு இடம்தான்.

"நீ போடா. உனக்குக் கல்யாணம் ஆயிட்சி, தங்கச்சி வூட்டுல இருக்குது. நான் அப்பால வரேன்" என்று மாமா அப்பாவை முன்னால் தள்ளிவிட்டார். தங்கச்சி என்றது என் அம்மாவை; உறவில்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார். மாமாவுக்கு அடுத்த இடம் கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. இதை எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியில் லைனுக்கு எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. ஆயுத பூஜையன்று ஷெட்டில் பஸ்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, வரிசையாக நிறுத்துவார்கள். முதலாளி ஒவ்வொரு பஸ்ஸுக்கு முன்னாலும் வந்து நிற்பார். கற்பூரம் எரியும்போது தேங்காயை ஒரு டிரைவர் கையில் கொடுப்பார். அதை வாங்கி உடைக்கிறவருக்குத்தான் அடுத்த ஆயுத பூஜை வரை அந்த வண்டி, அந்த லைன். தேங்காய் உடைவதற்குள் கற்பூரம் அணைந்துபோனால் அந்த வண்டிக்கு வருஷம் முழுவதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆறாம் நம்பர் பஸ்ஸின் செல்ஃப் கெட்டதற்கே அப்படி ஒரு காரணம் சொல்வார்கள்.

1974இல் டீசல் விலை ஏறியது. பிறகு டீசலே கிடைக்கவில்லை. பங்கில் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். கம்பெனி எல்லா லைனிலும் நடைகளைக் குறைத்தது. போளூருக்குக் காலை நடை மட்டும் மிஞ்சியது. வெம்பாக்கத்துக்கு மத்தியான நடை மட்டும் மிஞ்சியது. கடைசியாகச் சேர்ந்த டிரைவர்கள் நான்கு பேரை, டீசல் வரட்டும் என்று சொல்லி வீட்டில் உட்கார வைத்தார்கள். அதில் ஜெயவேல் மாமாவும் ஒருவர். அப்பாவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது அந்தச் சில மாத மூப்புதான்.

உட்கார வைக்கப்பட்டவர்கள் டீக்கடையில் கூடி ஒரு முடிவு செய்தார்கள். வேலையில் இருப்பவர்கள் யாரும் டபுள் டூட்டி பார்க்கக் கூடாது. யாரும் ஏறாவிட்டால் மீதி நடைகளுக்கு மேனேஜர் அவர்களைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அப்பாவும் சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவும் அவர் மனைவி சின்னபொண்ணு அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தை ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து அம்மாவோடு உட்கார்ந்து உருவத் தொடங்கினார். மாமா நின்றுகொண்டே பேசினார்.

"மணவாளா, மத்தியானம் வெம்பாக்கம் நடைய நீ எடுத்துக்கோ."

"இன்னாடா பேசறே? டபுள் டூட்டி பாக்கக் கூடாதுன்னு நேத்துதான் பேசி முடிச்சீங்க."

"அவனுங்க பேசுவானுங்க. ஆற்காட்டுல இருந்து முதலாளி சொந்தக்காரன் ஒருத்தன் வரப் போறானாம். ஷெட்டுல பேசிக்கறாங்க. அவன் ஒரு தபா உக்காந்தா ஆயுத பூஜைக்கு அவன் கையிலதான் தேங்கா. அப்புறம் நான் சாவற வரைக்கும் ஆக்டிங்தான். நீ ஓட்டினின்னா உன் கையில இருந்து நான் வாங்கிக்குவேன். உன்ன விட்டா வேற யார நம்பறது?"

அம்மா கீரையிலிருந்து நிமிர்ந்தார்.

"காலைல போளூரு, மத்தியானம் வெம்பாக்கம். இவரு முதுகு தாங்குமாண்ணா?"

"தாங்கும் தங்கச்சி. ரெண்டு நெல்லு மூட்டைய ஒண்ணா ஏத்தினாலும் வாயத் தொறக்காத முதுகு. உன்ன கட்டினப்புறந்தான் கொஞ்சம் வளைஞ்சிகினு வருது."

"அய்ய, ஆரம்பிச்சிட்டாரு" என்று அத்தை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எடுத்துக்கோங்கண்ணா. ஆயுத பூஜை வரைக்குந்தானே. வெளியாளு வந்து உக்காந்துகினா இவரு ஒடைஞ்சி பூடுவாரு" என்றார்.

"அதுக்குள்ள டீசலு வந்துடும்டா. அரபு நாட்டுக்காரன் எம்மாம் நாளைக்குத்தான் எண்ணெய மூடி வெச்சிகினு இருப்பான்? அவனும் பொண்டாட்டி புள்ள வெச்சிகினு இருக்கறவன்தானே" என்றார் மாமா.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "கல்ல மறந்துடாத. ஏரிக்கரைல ரெண்டாவது பனைமரத்துக்கிட்ட போட்டு வெச்சிருக்கேன்" என்று சொன்னார்.

திங்கட்கிழமை மத்தியானம் அப்பா ஆறாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் ஸ்டாண்டில் நின்று பார்த்தார்கள். ஒருவர் காறித் துப்பினார். மாமா ஓடிப் போய், "நாந்தான் சொன்னேன், நாந்தான் ஏறச் சொன்னேன்" என்று அவர்களிடம் சண்டை போட்டார். அந்த வண்டியின் கண்டக்டர் சம்பந்தம் இரண்டு பேரிடமும் நன்றாகப் பழகியவர். அவர் மாமாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாராம்.

"நீங்க ரெண்டு பேரும் பெரிய மூளைக்காரனுங்கன்னு நெனப்பாடா? யாரும் ஏறலன்னா மேனேஜரு உன் வூட்டுக்கே ஆளு அனுப்புவான். இப்ப அவன் எதுக்கு அனுப்பணும்?"

"உனுக்குப் புரியாது சம்பந்தம். நீ சீட்டக் கிழி போ" என்று மாமா சிரித்திருக்கிறார்.

முதல் சில வாரங்கள் மாமாவும் பஸ்ஸில் கூடவே போனார். இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மதகுக்கிட்டே கியரை மாற்ற வேண்டும், எந்த ஊரில் ஸ்டாப் இல்லாவிட்டாலும் தயிர்க்காரிக்கு நிறுத்த வேண்டும், காலையில் எந்தத் தெருவில் நெசவுக்காரர்கள் பாவு நூல் நீட்டி வைத்திருப்பார்கள், காலை நடை சீக்கிரம் திரும்பக் கிடைத்தால் எப்படிச் சுற்றிப் போக வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். அப்பாவுக்கு அது எல்லாமே தெரியும். தெரியாதவர் போலக் கேட்டுக்கொண்டார்.

மாதத்தில் ஓரிரு நாள் அப்பா உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு, ஆக்டிங்குக்கு ஜெயவேலைப் போடுங்கள் என்று சொல்லி அனுப்புவார். லீவு போடுகிறவர்தான் ஆக்டிங் ஆளைச் சொல்வது வழக்கம். அந்த நாட்களில் மாமா விடியற்காலையிலேயே குளித்துவிட்டு, தேய்த்த காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகத்தான் போவார். மூன்றாவது தடவை மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார்.

"இன்னா மணவாளன், உனக்கு எப்ப உடம்பு வருது, எப்ப போவுதுன்னு எனக்குத் தெரியாதா? முடியலன்னா சொல்லிடு. ஆற்காட்டு ஆளு ரெடியா இருக்கான்."

அதோடு லீவு நின்றது.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் சில மாறுதல்கள் வந்தன. கூரைக்கு ஓடு போட்டார்கள். என்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். இரட்டைப் பேட்டாவில்தான் எல்லாம் என்று வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. பேட்டாவில் பாதியை அப்பா மாமாவிடம் கொண்டுபோனபோது அவர் வாங்கவில்லை. "லைன காவல் காக்கச் சொன்னேன், கூலியா குடுக்கச் சொன்னேன்?" என்று அனுப்பிவிட்டார். பள்ளி மாற்றிய செய்தி தெரிந்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பஸ்ஸுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

"பஸ்தான் மாமா."

"டிரைவருக்கு?"

"டிரைவர்."

"பாரு மணவாளா, இதுக்கா பீசு கட்டறே? இத நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார்.

மாமா வீட்டில் அந்த வருஷம் வேறு மாதிரி போனது. அத்தை ஒரு தறிக்கார வீட்டில் நூலைத் தாராகச் சுற்றப் போனார். மாமா பழைய அரிசி ஆலையிலேயே லாரிக்கு ஆக்டிங் போனார். லாரி இல்லாத நாளில் அதே ஆலையில் மூட்டை இறக்கினார். ஒரு பட்டுக் கடைக்காரர் தன்னுடைய அம்பாஸிடர் காருக்கு டிரைவராக வரும்படி அவரைக் கூப்பிட்டார். மாதச் சம்பளம், வருஷத்துக்கு இரண்டு செட் துணி. அம்மாவும் அத்தையும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

"அறுவது பேர ஏத்திகினு போனவன் நானு. மூணு பேரையும் ஒரு வெத்தலப் பெட்டியையும் ஏத்திகினு போறதா?" என்று முதலில் விளையாட்டாகச் சொன்னார். பிறகுதான் உண்மையைச் சொன்னார். "அங்க போய் உக்காந்துட்டேன்னா, ஜெயவேலுக்கு வேலை கெடச்சிட்சின்னு மேனேஜரு எழுதிக்குவான். ஆயுத பூஜை அன்னிக்கி வண்டி முன்னால நிக்க எனக்கு இன்னா வாயி இருக்கும்? பூஜை முடியட்டும்."

கடைக்காரர் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே மாமா ஷெட்டுக்குப் போய்விட்டார். ஆறாம் நம்பர் பஸ்ஸை அவர்தான் கழுவினார். சக்கரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, கண்ணாடிக்கு மேலே சாமந்தி மாலை கட்டினார். மறுநாள் நாங்களும் போயிருந்தோம். குடும்பத்தோடு போவதுதான் வழக்கம். அத்தை புதுப் புடவை இல்லாததால் கல்யாணப் புடவையை உடுத்தியிருந்தார். மாமா தலையைப் படிய வாரி, பஸ்ஸின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார்க்கிறவர்களுக்கு அவர் ஒரு நாள்கூட வேலையை விட்டு நின்றவராகத் தெரிந்திருக்காது.

முதலாளி ஒவ்வொரு பஸ்ஸாக வந்தார். மேனேஜர் தேங்காய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். போளூர் பஸ்ஸுக்கு அப்பா உடைத்தார். அடுத்தது ஆறாம் நம்பர். அப்பா அங்கிருந்து நகர்ந்து கூட்டத்தில் நின்றுகொண்டார். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். முதலாளி தேங்காயை எடுத்துச் சுற்றிப் பார்த்தார்.

"மணவாளன் எங்கப்பா?"

அப்பா வந்து நின்றார். கையை நீட்டவில்லை.

"மொதலாளி, இது வேலு வண்டிங்க. டீசலு இல்லன்னு உக்காந்திருக்கான். நான் சும்மா பாத்துகினு இருந்தேங்க."

"இருக்கட்டும்ப்பா. நான் அவன வேணாம்னா சொல்றேன்? ஆனா நீ ஒரு ஆளே ரெண்டும் ஓட்டிகினு வரியே. இத்தினி நாளுல ஒரு நாளு லேட்டு உண்டா? ஒரு கம்ப்ளெயிண்டு உண்டா? இன்னொரு ஆளு எதுக்குன்னு எனக்கே தோணுது."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். குரலில் அன்பு இருந்தது. சுற்றி நின்ற டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு நாள் தாமதமானாலும் ஆற்காட்டு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அப்பா மாமாவுக்காக அத்தனை கவனமாக ஓட்டினார். இன்னொரு ஆள் வேண்டாம் என்பதை முதலாளிக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கவனம்தான்.

தட்டில் கற்பூரம் சிறுத்துக்கொண்டு வந்தது. "அணையப் போவுதுங்க" என்றார் பூசாரி. அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளியின் கை தேங்காயோடு நீட்டியபடியே இருந்தது. அவர் முகம் மாறத் தொடங்கியது.

அப்போது மாமா முன்னால் வந்தார். முதலாளியின் கையிலிருந்து தேங்காயை அவர் வாங்கினார். ஒரு நொடி, உடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தோம். அத்தை இரண்டு கையையும் குவித்துவிட்டார். மாமா தேங்காயை ஒருமுறை தன் வயிற்றோடு அணைத்துத் துடைத்தார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தார்.

"ஒடைடா."

"வேலு, வேணான்டா."

"கற்பூரம் அணையுது. இந்த வண்டி ஏற்கனவே சீக்காளி. ஒடைடா, வண்டி நிக்கக் கூடாது."

அப்பா உடைத்தார்.

அன்றைக்குப் பிறகு மாமா ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தையில் அவர்கள் ஆரணியை விட்டே போய்விட்டார்கள். செய்யாரைத் தாண்டி, வெம்பாக்கம் ரோட்டை ஒட்டித்தான் அத்தையின் பிறந்த ஊர் இருந்தது. அங்கே நடவுக்கும் அறுப்புக்கும் போனார்கள். எப்போதாவது யாருடைய டிராக்டரையாவது மாமா ஓட்டுவார். அவர் வேலை செய்த வயல்களுக்குப் பக்கத்தில்தான் ஆறாம் நம்பர் பஸ் தினமும் போய்த் திரும்பியது.

ரோட்டில் எதிரெதிரே வரும் டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர், வேறு கம்பெனிக்காரர், லாரிக்காரர் எல்லோருக்கும் அது உண்டு. மாமா டிராக்டரில் வந்தாலும், வரப்பில் நின்றாலும், பஸ்ஸைப் பார்த்ததும் கையைத் தூக்குவாராம். அப்பா தூக்க மாட்டார். கண்ணாடியைப் பார்ப்பது போலவோ கியரைப் பார்ப்பது போலவோ திரும்பிக்கொள்வார். மற்ற டிரைவர்களுக்கு இது தெரிந்து, லைனையும் எடுத்துக்கொண்டான், கையையும் தூக்க மாட்டேன் என்கிறான் என்று பேசினார்கள். ஒரு நாள் சம்பந்தம் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"இன்னாத்துக்குடா உனுக்கு இந்தத் திமிரு? அவன் வெய்யில்ல நின்னுகினு கையத் தூக்கறான்."

"எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் தூக்கறது, நீ சொல்லு" என்றார் அப்பா.

டீசல் தட்டுப்பாடு தீர்ந்து வெம்பாக்கம் காலை நடை திரும்ப வந்தபோது அப்பா முதலாளியிடம் போய் மாமாவுக்காகக் கேட்டார். அந்த நடைக்கு ஆற்காட்டுச் சொந்தக்காரரைப் போட்டாகிவிட்டது என்றார்கள். யார் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று அத்தனை ஏற்பாடும் செய்தார்களோ அவர் சாவகாசமாக வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்கு மத்தியான நடை அப்படியே இருந்தது. போளூர் காலை நடையும் இருந்தது. டபுள் டூட்டி என்ற பேச்சே பிறகு கம்பெனியில் மறைந்துபோனது. ஒரு டிரைவர் என்றால் இவ்வளவு ஓட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தார். 1980 பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வந்தார். ஆள் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். அப்பா பஸ்ஸில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார். அம்மா சோறு போட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "பேட்டரி மாத்தினாங்களா தங்கச்சி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் என்கிட்ட எங்கண்ணா சொல்றாரு?"

"சரிவுலதான் நிறுத்தறான். நானே ஒரு நாளு போய்ப் பாத்தேன். கல்லு அதே கல்லுதான்." கொஞ்சம் சிரித்தார். "பாப்பா இங்கிலீஷ்ல பரிச்ச எழுதுதா?"

எழுதுகிறேன் என்றேன். நல்லது என்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் வரை இருங்கள் என்று அம்மா எவ்வளவோ சொன்னார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் வர்ற நேரம், நான் கெளம்பறேன். என்னப் பாத்தா அவனுக்குச் சோறு எறங்காது. ரெண்டு நடை ஓட்டிட்டு வர்றவன் வயிறாரத் துன்னட்டும்."

கடலையை அவித்து வைத்திருந்தார் அம்மா. அப்பா வந்து இரண்டை உரித்து வாயில் போட்டவர், யார் கொடுத்தது என்று தெரிந்ததும் முறத்தை மெதுவாக நகர்த்தி வைத்தார்.

1983இல் மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கை வைத்தியம் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். வெம்பாக்கம் காலை நடையில் வந்தவர்கள் ஆரணி ஸ்டாண்டில் செய்தியைச் சொன்னார்கள். அப்பா அப்போதுதான் போளூரிலிருந்து திரும்பி வந்திருந்தார். நேராக மேனேஜரிடம் போய் மத்தியான நடைக்கு லீவு கேட்டார்.

"குடுக்கறேன். ஆக்டிங்குக்கு ஆளச் சொல்லு."

அப்பா யோசித்துப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு பெயரும் இல்லை. இருக்கிற டிரைவர்கள் எல்லோரும் இரண்டு நடை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் உட்கார வைக்கப்பட்ட மற்ற மூன்று பேரில் ஒருவர் பெங்களூருக்குப் போய்விட்டார், ஒருவர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார், இன்னொருவர் எங்கே என்றே தெரியாது. சம்பந்தம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆக்டிங்குக்கு ஆளு வேணும்னா வேலுதான் இருந்தான். அவன்தான் இன்னிக்கி லீவு போட்டுட்டானே" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அப்பா ஆறாம் நம்பர் பஸ்ஸை எடுத்தார். எப்படியும் அந்த ஊர் வழியாகத்தான் போக வேண்டும், சவம் எடுப்பதற்குள் போய்விட்டால் ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்து வரலாம் என்பது அவர் கணக்கு. செய்யாரில் சந்தைக் கூட்டம். கூடைகளையும் ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்ப நேரமாகிவிட்டது.

ஊர் எல்லைக்கு வந்தபோது பாடை ரோட்டுக்கு ஏறிவிட்டது. தப்பட்டை அடித்துக்கொண்டு ஆட்கள் எதிரே வந்தார்கள். அப்பா வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, கை எப்படிப் போனதோ தெரியவில்லை, இன்ஜினை அணைத்துவிட்டார்.

"அணைச்சிட்டியா? பேஜாராப் பூட்சே, இங்க சரிவு ஏதுடா?" என்றார் சம்பந்தம். அந்த இடத்தில் ரோடு தரைமட்டமாக இருந்தது.

தப்பட்டைச் சத்தம் பஸ்ஸைக் கடந்தது. யாரோ இறைத்த பொரியும் சாமந்தி இதழ்களும் கண்ணாடியில் வந்து விழுந்தன. அப்பா இருந்த உயரத்துக்குப் பாடை கொஞ்சம் கீழே போனது. இறங்கிப் போக நினைத்துக் கதவைத் திறந்தவர், படியிலேயே நின்றுவிட்டார். முகம் ஒரு நொடிதான் தெரிந்தது. தலையைப் படிய வாரிவிட்டிருந்தார்கள்.

பெண்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டார்கள். கூட்டம் கொஞ்சம் தூரம் போனது. பஸ்ஸுக்குள் பின்னாலிருந்து ஒரு குரல், "ஜல்தி எடுப்பா, ஆடு கத்துது" என்றது. அப்பா திரும்ப ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். செல்ஃபை அழுத்திக்கூடப் பார்க்கவில்லை.

சின்னபொண்ணு அத்தை பெண்களை விலக்கிக்கொண்டு பஸ்ஸிடம் வந்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் சம்பந்தம் நினைத்தார்.

"யாருக்காகண்ணா நிறுத்தி வெச்சிகினு இருக்கீங்க? அவருதான் பூட்டாரே."

அப்பா ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எடுங்கண்ணா. தெனம் இந்த வண்டி சத்தம் கேட்டாதான் அவரு கஞ்சி குடிக்க ஒக்காருவாரு. லேட்டானா வாசல்ல வந்து நிப்பாரு. வண்டி நிக்கக் கூடாது, எடுங்க."

செல்ஃப் எடுக்கவில்லை. சம்பந்தம் விசிலை ஊதி ஆண்களை இறங்கச் சொன்னார். சந்தைக்குப் போய்த் திரும்பிய கிழவர்கள்தான் அதிகம். வண்டி அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டு, சவத்தோடு போன கூட்டத்தின் கடைசியில் இருந்த சில பேர் திரும்பி ஓடி வந்தார்கள். மாமாவின் பங்காளிகள், அவரோடு அறுப்புக்குப் போனவர்கள். நெற்றியில் விபூதியும் கையில் பூவுமாக வந்து பஸ்ஸின் பின்னால் தோளைக் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் அப்பா கிளட்சை விட்டார். இன்ஜின் இரண்டு முறை உலுக்கிக்கொண்டு உயிர் பிடித்தது.

வண்டி கிளம்பிவிட்டது, போதும் விடுங்கள் என்று சொல்வதற்கு டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டித் தூக்குவார். தள்ளியவர்கள் அதைப் பார்த்து நின்றுவிடுவார்கள். அப்பாவும் கையைத் தூக்கினார். அவர்கள் நின்றார்கள், மறுபடி சுடுகாட்டுப் பக்கம் ஓடினார்கள். படியில் தொற்றிக்கொண்டிருந்த சம்பந்தம் முன்னால் பார்த்தார். ரோட்டில் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. ஊர் பின்னால் போய், வயல் போய், மதகும் போன பிறகும் அப்பாவின் கை வெளியிலேயே இருந்தது. ஏரிக்கரையில் பனைமரங்கள் தெரிந்த பிறகுதான், கியரை மாற்ற வேண்டும் என்பதால், அதை உள்ளே எடுத்துக்கொண்டாராம்.